அலுவலகத்தின் குரல் ஊருக்குள் கேட்க: சமூக ஊடகத்தில் அரசு மக்களோடு பேசும் முறை

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண்ணுக்கடியிலிருந்து உருண்டை உருண்டையாகக் கற்கள் வெளிப்பட்டன. யாரோ படம் எடுத்தார்கள். 'டைனோசர் முட்டை' என்று யாரோ எழுதினார்கள். படம் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. பிறகு நிலவியல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, அவை முட்டைகள் இல்லை, அமோனைட் என்ற பழங்கால கடல் உயிரியைச் சுற்றி மண் படிந்து இறுகிய உருண்டைகள் என்று விளக்கினார்கள். அந்த விளக்கம் முதல் படம் சென்ற தூரத்தில் கால்வாசியாவது சென்றிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

குன்னத்துக்காரர்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர்கள் நம்பியதற்கு நியாயம் இருந்தது. பக்கத்து அரியலூர் மாவட்டம் செந்துறைப் பகுதியில் 2009-இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டெடுத்தது உண்மை. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பன்னிரண்டு கோடி ஆண்டுக்கு முந்தைய மரம் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடப்பது உண்மை. அதே மாவட்டத்துப் பாடாலூருக்கு அருகே காரைப் பக்கம் போனால் கடல் இருந்த அடையாளங்களை மழை அரித்த ஓடைகளில் இன்றும் பார்க்கலாம். இப்படிப்பட்ட மண்ணில் உருண்டையாக ஒரு கல் கிடைத்தால் முட்டை என்று நினைக்கத்தான் தோன்றும். ஆகவே கேள்வி வேறு: விவரம் தெரிந்த அலுவலகம் முதல் நாளே என்ன சொல்லியிருக்கலாம்?

'விசாரித்துவிட்டுச் சொல்லலாம்' என்று காத்திருப்பது அரசு அலுவலகங்களின் பழக்கம். கோப்புக்கு அந்தப் பழக்கம் நல்லது. ஊருக்கு நல்லதில்லை. விசாரணை முடியும் முன்பே சொல்லக்கூடிய செய்தி எப்போதும் ஒன்று இருக்கிறது. குன்னம் போன்ற ஒரு நிகழ்வில் அது இப்படி இருக்கலாம்:

"குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்திருப்பது உண்மை. அவை முட்டைகளா, வேறு படிவங்களா என்று இன்னும் தெரியவில்லை. புவியியல் மற்றும் சுரங்கத் துறை அலுவலர்கள் வியாழக்கிழமை, 22-ஆம் தேதி காலை பார்வையிடுகிறார்கள். அன்று மாலை 5 மணிக்கு இதே பக்கத்தில் விவரம் சொல்கிறோம். அதுவரை கற்களை யாரும் உடைக்கவோ எடுத்துச் செல்லவோ வேண்டாம்."

இதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. நமக்குத் தெரிந்தது, தெரியாதது, அடுத்து எப்போது பேசுவோம், அதுவரை மக்கள் செய்ய வேண்டியது. இந்த நான்கும் இருந்தால் அலுவலகம் தவறாக எதையும் சொல்லிவிடாது, மௌனமாகவும் இருக்காது. மாலை 5 மணி என்று சொன்னால் விடை கிடைக்காவிட்டாலும் 5 மணிக்கு வந்து, 'இன்னும் முடிவாகவில்லை, நாளை சொல்கிறோம்' என்று எழுதிவிட வேண்டும். சொன்ன நேரத்துக்கு வராத அலுவலகத்தை அடுத்த முறை யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள்.

இந்த அத்தியாயம் ஆட்சியர் அலுவலகத்தின் செய்தி மக்கள் தொடர்பு அலுவலருக்காக மட்டும் எழுதப்பட்டதல்ல. ஆலத்தூர் வட்டாட்சியர் அலுவலகம், வட்டார வளர்ச்சி அலுவலகம், பாடாலூர் ஊராட்சி, காவல் நிலையம், ஆரம்ப சுகாதார நிலையம், வேளாண் விரிவாக்க மையம் ஆகியவற்றில் கைபேசியை வைத்துக்கொண்டு 'இதை எப்படிப் போடுவது' என்று யோசிக்கும் ஊழியரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மத்திய அரசின் மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பத் துறை 2012-இலேயே அரசு நிறுவனங்களுக்கான சமூக ஊடக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை துறை அளவில் பயன்படும். வட்டம், ஊராட்சி அளவில் வரும் சிக்கல்கள் வேறு.

யாரிடம் பேசுகிறோம்

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பாடாலூரைக் கடந்து போகிறவர் பார்ப்பது நான்கு வழிச்சாலையும் கடைகளும்தான். உள்ளே போனால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும். திருச்சிக்கும் பெரம்பலூருக்கும் படிக்கவும் வேலைக்கும் போய்வரும் இளைஞர்கள். இந்த மாவட்டத்தில் லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் ஏராளம். ஊரில் ஒரு அசம்பாவிதம் என்றால் துபாயில் இருக்கும் மகன் முதலில் பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்வது இங்கே சாதாரணம். ஆகவே உங்கள் பதிவைப் படிப்பவர் எப்போதும் ஊரில்தான் இருப்பார் என்று நினைக்க வேண்டாம். ஊர்ப்பெயர், வட்டம், மாவட்டம் மூன்றையும் எழுதுங்கள். தெருப்பெயரை மட்டும் போட்டால் வெளியூரில் இருப்பவர் பதறிப்போவார்.

எந்தத் தளம்? எக்ஸ் தளத்தில் எழுதினால் செய்தியாளர்களும் சென்னையில் இருக்கும் அலுவலர்களும் பார்ப்பார்கள். தலைமைச் செயலகத்தின் கண்ணில் படவேண்டும் என்பதற்காகவே பல அலுவலகங்கள் அங்கே எழுதுகின்றன. அதில் தவறில்லை, ஆனால் அது மக்கள் தொடர்பு ஆகாது. பாடாலூரில் சின்ன வெங்காயம் நட்டவர் வாட்ஸ்அப்பில் இருக்கிறார், யூடியூபில் இருக்கிறார், ஓரளவு ஃபேஸ்புக்கிலும் இருக்கிறார். ஆள் குறைவான அலுவலகம் இரண்டு தளங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளவே வேண்டாம். ஆறு கணக்குகளைத் திறந்து ஐந்தை மறந்துவிட்ட அலுவலகங்கள் அனேகம். மறந்துபோன அந்தப் பக்கத்தில்தான் யாரோ ஒருவர் குடிநீர் வரவில்லை என்று எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்.

வாட்ஸ்அப்பில் குழுவா, சேனலா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். பொதுமக்களை ஒரு குழுவில் சேர்த்தால் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண்களின் எண்ணை எடுத்துத் தொந்தரவு செய்பவர் எந்த ஊரிலும் இருப்பார். கட்சிச் சண்டை வரும், காலை வணக்கப் படங்கள் வரும், அவற்றுக்கு நடுவே மின்நிறுத்த அறிவிப்பு மறைந்துபோகும். 2023 செப்டம்பரில் இந்தியாவில் அறிமுகமான வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது, அலுவலகம் மட்டுமே பதிவிட முடியும். பொது அறிவிப்புக்கு அதுவே சரி. குழு வேறொரு வேலைக்கு வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், அங்கன்வாடிப் பணியாளர், மகளிர் குழுத் தலைவி, ரேஷன் கடை விற்பனையாளர், பால் சொசைட்டிச் செயலர் ஆகியோர் அடங்கிய சிறு குழு அது. கைபேசி இல்லாத வீட்டுக்குச் செய்தி போவது இவர்கள் வழியாகத்தான்.

அந்தக் கடைசி வீட்டை மறந்துவிடக்கூடாது. ஊர்ப்புறங்களில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். அந்த வேலையைச் சில மனிதர்கள் மீது மட்டும் சுமத்திய இழிவுக்கு முடிவு கட்ட வேண்டும் என்பது காரணம். வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்பது மாற்று. எனவே சேனலில் போட்டாயிற்று என்று கையைக் கழுவிவிட முடியாது. மழை, வெள்ளம், நோய் பற்றிய அறிவிப்புகளை ஒலிபெருக்கி, ரேஷன் கடைப் பலகை, கிராம சபை ஆகியவற்றிலும் அதே வாசகத்தோடு சொல்ல வேண்டும். வாசகம் மாறினால் 'போனில் ஒண்ணு சொல்றாங்க, மைக்கில ஒண்ணு சொல்றாங்க' என்று இரண்டையுமே விட்டுவிடுவார்கள்.

எழுதும் முறை

அரசு அறிவிப்புகளில் நான் பார்க்கும் பெரிய குறை, அலுவலகம் அறிந்த செய்தி அப்படியே வெளியே வந்துவிடுவது. அணையிலிருந்து எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது பொறியாளருக்கான செய்தி. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருக்கெடுத்து ஓடியது. அந்த மாதம் 22-ஆம் தேதி இரவு முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. அரியலூர் மாவட்டத்தில் திருமானூர், தா.பழூர் ஒன்றியங்களின் கொள்ளிடக்கரை ஊர்களுக்கு இத்தகைய நேரத்தில் எப்படி அறிவிப்பது? 'மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்படுவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்பது வழக்கமான வாசகம். இதைப் படிப்பவருக்கு மூன்று கேள்விகள் மிஞ்சும்: எங்கள் ஊருக்கு எப்போது வரும், எங்கே போவது, மாட்டை என்ன செய்வது?

மாற்றி எழுதிப் பாருங்கள். "கொள்ளிடத்தில் நாளை, ஆகஸ்ட் 17 வெள்ளிக்கிழமை காலைக்குள் தண்ணீர் அதிகமாகும். ஆற்றுக்குள் இறங்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம். படுகையில் கட்டியிருக்கும் ஆடு மாடுகளை இன்று பொழுது சாயும் முன் ஓட்டி வந்துவிடுங்கள். தங்கும் இடம்: (பள்ளியின் பெயர்). உதவிக்கு 1077." கன அடிக் கணக்கைக் கடைசி வரியில் போட்டுக்கொள்ளலாம், வேண்டுபவர் படிப்பார். 1077 மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை. இந்த இரண்டு எண்களும் எந்த வானிலைப் பதிவிலும் விடுபடக்கூடாது.

மேலே உள்ள வாசகத்தில் 'நாளை' என்பதோடு தேதியும் கிழமையும் சேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். இதை நான் மிக முக்கியமாகச் சொல்கிறேன். வெறும் 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்ற படம் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் உயிர்பெற்று எழுந்து வரும். போன ஆண்டு உண்மையாக இருந்த அறிவிப்பே இந்த ஆண்டு பொய்யாகிவிடும், யாரும் போலியாகத் தயாரிக்கத் தேவையே இல்லை. தேதி, கிழமை, மாவட்டம், எந்த வகுப்பு வரை, யார் உத்தரவு என்பவை படத்துக்குள்ளேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். படத்துக்குக் கீழே எழுதினால் படத்தை மட்டும் அனுப்புவார்கள், எழுத்து உதிர்ந்துவிடும். விடுமுறை இல்லை என்றால் அதையும் காலை ஆறு மணிக்குள் சொல்லுங்கள். மழை பெய்கிற விடியலில் சீருடையோடு பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு கைபேசியைப் பார்க்கும் தாய்க்கு, 'இன்று பள்ளி உண்டு' என்பதும் செய்திதான்.

வானிலை மையத்தின் நிற எச்சரிக்கைகளை எடுத்துப் போடும்போது அவற்றின் பொருளையும் எழுதுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்பவை நிர்வாகம் எந்த அளவுக்குத் தயாராக வேண்டும் என்பதைச் சொல்பவை. 'ரெட் அலர்ட்' என்று மட்டும் போட்டுவிட்டு மறுநாள் வெயில் அடித்தால், அடுத்த எச்சரிக்கையை ஊர் மதிக்காது.

வேளாண் துறை ஊழியர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் முதன்முதலாகப் பதிவான அமெரிக்கப் படைப்புழு, அதே ஆண்டு பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மக்காச்சோளத்தை அழித்தது. புழு வந்த பிறகு மருந்தின் பெயர்களை அடுக்கிய துண்டறிக்கை காலம் கடந்த செய்தி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் ஊருக்கு ஆவணியிலேயே பேசத் தொடங்க வேண்டும். உழவையும் வேப்பம் புண்ணாக்கையும் விதை நேர்த்தியையும் அப்போதுதான் சொல்ல முடியும். விதைத்த பிறகு, குருத்தை விரித்துப் பார்க்கும் ஒரு நிமிடக் காணொளி போதும்: இலையில் வரிசையாக ஓட்டை, குருத்துக்குள் மரத்தூள் போன்ற எச்சம், புழுவின் தலையில் தலைகீழ் 'ஒய்' போன்ற வெள்ளைக்கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். நகரத்து அரங்கில் எடுக்க வேண்டாம். பாடாலூர்க் கொல்லையில், இங்கே பேசும் தமிழில், ஒரு விவசாயியின் கையில் இலையைக் கொடுத்து எடுங்கள். சின்ன வெங்காயத்தில் வரும் திருகல் நோயை இந்தப் பக்கம் 'கோழிக்கால் நோய்' என்கிறார்கள். தலைப்பில் அந்தப் பெயரும் இருக்கட்டும், தேடுபவர் கண்டுபிடிக்க அது உதவும்.

சுற்றறிக்கையைக் கையெழுத்தோடும் முத்திரையோடும் ஸ்கேன் செய்து அப்படியே போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். சின்னத் திரையில் அதைப் படிக்க முடியாது. பார்வையற்றவரின் கைபேசி படத்துக்குள் இருக்கும் எழுத்தைச் சரியாக வாசித்துக் காட்டாது. படம் போடலாம், கூடவே அதே செய்தி எழுத்தாகவும் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கிராம நிர்வாக அலுவலரோ சுகாதார ஆய்வாளரோ பேசிய அரை நிமிடக் குரல் பதிவு போதும். தெரிந்த குரலை ஊர் நம்பும்.

வதந்தி வந்துவிட்டால்

2018 மே மாதம் தமிழ்நாட்டில் 'பிள்ளை பிடிக்கும் கும்பல்' என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவின. திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் பக்கம் குலதெய்வக் கோயிலைத் தேடிக் காரில் வந்த குடும்பம் ஒன்று, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. ஊர் திரண்டு அடித்ததில் வயதான பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய கொலைகள் நடந்த பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி கட்டுப்படுத்தியது. வதந்தியை மறுப்பதை விளம்பர வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிர் போகிற காரியம் அது.

நன்றாகக் கையாண்ட ஒரு நிகழ்வையும் பார்ப்போம். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் காணொளிகள் வட இந்தியாவில் பரவின. அப்போதைய காவல்துறைத் தலைவர் சி. சைலேந்திர பாபு காணொளி வெளியிட்டு மறுத்தார். 'பொய்' என்று முத்திரை குத்துவதோடு அவர் நிறுத்தவில்லை. பரவிய காணொளிகளில் ஒன்று பீகாரிலிருந்து வந்த இரு தரப்பினருக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்தது என்று விளக்கினார். காவல்துறை இந்தியிலும் பேசியது. பீகார் அரசு அனுப்பிய குழு வந்து நேரில் பார்த்தது. பொய்ச் செய்தி பரப்பியவர்கள் மீது வழக்குகள் பதிவாயின.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. பயந்தவர் எந்த மொழியில் பயப்படுகிறாரோ அந்த மொழியில் பேச வேண்டும். அரியலூர்ச் சிமென்ட் ஆலைகளிலும் இந்தப் பக்கத்துக் கட்டுமானப் பணிகளிலும் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான செய்தியைத் தமிழில் மட்டும் போட்டுப் பயனில்லை. காணொளி உண்மையில் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும். மூன்றாமவர் ஒருவர் சரிபார்க்க வழிவிட வேண்டும். மறுப்பின் முதல் வரியில் உண்மை இருக்கட்டும், வதந்தி இரண்டாவது வரிக்குப் போகட்டும். வதந்தியைத் தலைப்பாகப் போட்டால் அவசரமாகப் பார்ப்பவர் மனத்தில் அதுதான் பதியும். பொய்யான படத்தைத் திரும்பப் போட நேர்ந்தால் அதன் குறுக்கே அழியாத கோடும் எழுத்தும் போட்டுவிடுங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தின்போது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து காவல்துறை, வதந்திகளை மறுப்பதற்கென்றே ஓர் அடையாளச் சொல்லை வைத்துக்கொண்டு அவை கிளம்பக் கிளம்பப் பதில் எழுதியது. நம் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைகளும் அந்த வழக்கத்தைக் கைக்கொள்ளலாம்.

தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகத்தை அமைத்தது. மாநில அளவிலான வதந்திகளுக்கு அது உதவும். உங்கள் ஊர் ஏரிக்கரை உடைந்ததா இல்லையா என்பதற்கு உங்கள் அலுவலகம்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மத்திய அரசைப் பற்றிய தகவல்களில் எது பொய் என்று அரசின் பிரிவே முடிவு செய்ய வழிவகுத்த 2023-ஆம் ஆண்டு விதித் திருத்தத்தை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. தமிழ்நாட்டு அமைப்பு அந்த விதியின் கீழ் வந்ததில்லை. ஆனாலும் எந்த அரசு அலுவலகமும் அந்தத் தீர்ப்பை நினைவில் வைத்திருப்பது நல்லது. 'தெருவில் சாக்கடை ஓடுகிறது' என்று ஒருவர் படம் போட்டால் அது வதந்தி ஆகாது, புகார். நமக்குப் பிடிக்காத செய்தியையெல்லாம் 'போலி' என்று சிவப்பு முத்திரை குத்தினால், உண்மையான போலி வரும் நாளில் அந்த முத்திரைக்கு மதிப்பு இருக்காது.

புகாருக்குப் பதில்

அரசுப் பக்கத்தின் தரத்தை அதன் பதிவுகளை வைத்து நான் எடைபோடுவதில்லை, பதில்களை வைத்தே எடைபோடுவேன். 'தங்கள் புகார் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது' என்பது பதில் போலத் தோன்றும், ஆனால் அதில் ஒன்றும் இல்லை. எந்தத் துறை, யாருக்கு, எந்தத் தேதியில், மனு எண் என்ன, எப்போது திரும்பக் கேட்கலாம் என்பவை இருந்தால்தான் அது பதில்.

பாடாலூர் போன்ற நெடுஞ்சாலை ஊரில் இது எளிதில்லை. இருட்டிக் கிடக்கும் விளக்கு தெருவில் இருந்தால் ஊராட்சியின் பொறுப்பு, நெடுஞ்சாலையில் இருந்தால் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம். மின்கம்பி தொங்கினால் மின்வாரியம். பள்ளம் எந்தச் சாலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நெடுஞ்சாலைத் துறை, ஒன்றியம், ஊராட்சி என்று கை மாறும். இந்த எல்லைக்கோடுகள் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அதைத் தெரிந்து வைத்திருப்பது நம் வேலை. 'எங்கள் துறை இல்லை' என்று எழுதக்கூடாது. 'இது தேசிய நெடுஞ்சாலைக்கு உரியது, 1033-இல் சொல்லலாம், நாங்களும் இன்று எழுதியிருக்கிறோம்' என்று எழுதுங்கள். மின்சாரப் புகாருக்கு மின்னகத்தின் 94987 94987, முதல்வரின் முகவரிக்கு 1100. இவற்றை ஒரு பதிவாக எழுதி பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வையுங்கள்.

வேலை முடிந்ததும் அதே பின்னூட்டத்தின் கீழ் வந்து சொல்லுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். நிதி இல்லை என்பதையும் மனம் திறந்து சொன்னால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள். மௌனத்தைத்தான் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

கோபமாக எழுதும் பின்னூட்டங்களை அழிக்கலாமா? ஆபாசம், மிரட்டல், சாதி மத வெறுப்பு, அடுத்தவர் தொலைபேசி எண் ஆகியவற்றை நீக்கலாம். அப்படி நீக்கும் விதியை முன்கூட்டியே பக்கத்தில் எழுதி வையுங்கள், நீக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் வையுங்கள். விமர்சனத்தை நீக்கக்கூடாது. கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜன் கேட்டும் படுக்கை கேட்டும் சமூக ஊடகத்தில் எழுதியவர்கள் மீது நடவடிக்கை எடுத்தால் அதை நீதிமன்ற அவமதிப்பாகக் கருதுவோம் என்று உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 30 அன்று எச்சரித்தது. உதவி கேட்பவரின் குரல் அரசுக்கு அவப்பெயர் தருகிறது என்பதற்காக அதை அடைக்க முடியாது. அமெரிக்காவிலும் அதிகாரிகள் தங்கள் பக்கத்தில் குடிமக்களைத் தடை செய்வது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. அரசின் சார்பில் பேசும் அதிகாரம் ஒருவருக்கு இருந்து, அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியே அவர் பதிவிடுகிறார் என்றால் அது அரசின் பேச்சாகிவிடும் என்பது அதன் சாரம். நம் ஊர் அலுவலர்களும் சொந்தக் கணக்கையும் அலுவலகக் கணக்கையும் கலக்காமல் இருப்பதே நல்லது.

கணக்கு யார் கையில்

ஆட்சியர் மாறுவார், வட்டாட்சியர் மாறுவார். கணக்கு அலுவலகத்தின் பெயரில் இருக்க வேண்டும், ஆளின் பெயரில் இருக்கக்கூடாது. அலுவலகத்துக்கென்று ஒரு சிம், அதனோடு இணைந்த இருபடிச் சரிபார்ப்பு, கடவுச்சொல் அறிந்தவர் இருவர், பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிக்கொத்தோடு இதுவும் ஒரு வரி. 2018 ஜனவரி 13 காலை ஹவாய்த் தீவுகளில் ஏவுகணை வருகிறது என்று எல்லார் கைபேசிக்கும் தவறுதலாக எச்சரிக்கை போய்விட்டது. கைபேசிகளுக்குத் திருத்தம் போக 38 நிமிடம் ஆயிற்று. தன் ட்விட்டர் கணக்கின் கடவுச்சொல் தனக்குத் தெரியாது என்று அந்த மாநில ஆளுநர் பிறகு ஒப்புக்கொண்டார். அவ்வளவு பெரிய அரசிலேயே இது நடக்கும் என்றால், தற்காலிகக் கணினி இயக்குநர் ஒருவரின் சொந்தக் கைபேசியில் கணக்கு ஓடும் அலுவலகத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். அவர் விடுப்பில் போகும் நாளில்தான் வெள்ளம் வரும்.

உயர் அலுவலர்களின் படத்தை வைத்துப் பணம் கேட்கும் போலிக் கணக்குகள் பெருகிவிட்டன. 'இந்த அலுவலகம் ஒருபோதும் வாட்ஸ்அப்பில் பணமோ ஓடிபி எண்ணோ கேட்காது' என்று மாதம் ஒருமுறை எழுதுங்கள், 1930 என்ற சைபர் குற்ற எண்ணையும் சேர்த்து.

தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் ஆட்சியாளர்களின் படம் உள்ள பதிவுகளை முகப்பிலிருந்து எடுக்கும் வேலை வரும். முதலிலேயே படங்களைக் குறைத்துக்கொண்டால் அந்த வேலையும் குறையும்.

படங்களைப் பற்றி இன்னும் ஒன்று. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுப்பவரின் படம் போடுவது எல்லா மாவட்டங்களிலும் வழக்கமாகிவிட்டது. மனுவின் முகப்பில் ஆதார் எண், தொலைபேசி எண், முகவரி எல்லாம் இருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் படிக்கலாம். 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இதை அறியாமை என்று சொல்லித் தப்ப முடியாது. கணவனால் கைவிடப்பட்டவர், மனநலம் குன்றிய பிள்ளையின் தாய், நோயாளி ஆகியோர் உதவி பெறும் காட்சியை அவர்கள் முகத்தோடு போடுவது எனக்கு எப்போதும் மன வேதனை தருகிறது. உதவி வாங்குவதற்கு முகத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமா? கேட்டு, அவர்கள் மனமொப்பிச் சொன்னால் போடுங்கள். வேண்டாம் என்றால் சக்கர நாற்காலியின் படம் போதும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், பள்ளி, ஊர் எதையும் வெளியிடக்கூடாது என்று போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. பெயரை மறைத்துவிட்டுத் தெருவைச் சொன்னாலும் சின்ன ஊரில் அடையாளம் தெரிந்துவிடும் என்பதைக் காவல் நிலையப் பக்கங்கள் மறக்கக்கூடாது.

கேரளத்தில் 2015-இல் கோழிக்கோடு ஆட்சியராக வந்த பிரசாந்த் நாயரை இளைஞர்கள் 'கலெக்டர் புரோ' என்று அழைத்தார்கள். குளம் தூர் வார வருபவர்களுக்குப் பிரியாணி என்று ஃபேஸ்புக்கில் எழுதி ஊரைத் திரட்டியவர் அவர். அந்த உற்சாகத்தை மதிக்கிறேன். ஆனால் நகைச்சுவையும் நட்பும் ஒரு மனிதரின் இயல்பிலிருந்து வருபவை, அவற்றை எல்லா அலுவலகங்களுக்கும் விதியாக்க முடியாது. ஒரு ஆட்சியர் மாறிப்போன மறுநாளும் குடிநீர் அறிவிப்பு நேரத்துக்கு வர வேண்டும். ஒழுங்காக, மரியாதையாக, தேதி போட்டு, உண்மையைச் சொல்லும் பக்கத்தை நடத்த யாருக்கும் கவர்ச்சி தேவையில்லை.

நாளைக்கே உங்கள் அலுவலகத்துக்கு ஒரு பக்கம் தொடங்கும்படி உத்தரவு வரலாம். முதலில் ஒரு தாளை எடுத்து, பதிவிடுபவர் யார், அவர் இல்லாத நாளில் யார், பின்னூட்டங்களைத் தினமும் எத்தனை மணிக்கு யார் படிப்பார், ஞாயிற்றுக்கிழமை இரவு மழை பெய்தால் யாரை எழுப்புவது என்று எழுதுங்கள். நான்குக்கும் பெயர் எழுதி உங்கள் அலுவலரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயர்கள் நிரம்பவில்லை என்றால் பக்கத்தைத் தொடங்க வேண்டாம். ரேஷன் கடைப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் அறிவிப்பதைத் தொடருங்கள், ஆள் கிடைத்ததும் தொடங்கலாம்.